பீரோ கதவுக்குள் ஒரு கிராஃப் தாள்

என் கணவரின் கல்லீரல் எங்கள் வீட்டு பீரோ கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் என் புடவைகளுக்கு எதிரே, நாலு மூலையிலும் செல்லோ டேப் போட்ட ஒரு கிராஃப் தாள். கீழே மாதங்கள், பக்கவாட்டில் எண்கள், நடுவில் பென்சிலால் வைத்த புள்ளிகள், புள்ளிகளைச் சேர்த்து ஏறியும் இறங்கியும் போகிற ஒரு கோணல்மாணல் கோடு. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் முதலில் செய்கிற காரியம் பீரோவைச் சாத்துவதுதான்.

அவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். லேத்தில் கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை அளந்து பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று சொல்வது அவருடைய வேலை. நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறேன். தங்கவயலில் பிறந்த தமிழச்சி எப்படிக் கன்னட டீச்சர் ஆனாள் என்று கேட்பவர்களிடம், அந்த வேலைதான் காலியாக இருந்தது என்று சொல்லிவிடுவேன். வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடியில் ஒரு சின்ன வாடகை வீடு, இரண்டு பேர், அவ்வளவுதான் குடும்பம்.

அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தொழிற்சாலையில் நடந்த ரத்த தான முகாமில்தான் தெரிந்தது. கொடுத்த ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லி, ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இத்தனை வருஷம் நான் அடுத்தவன் பீஸை ரிஜெக்ட் பண்ணேன் டீச்சர். இன்னிக்கி என்னை ரிஜெக்ட் பண்ணிட்டானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள்ளேயே கல்லீரலில் தழும்பு விழுந்திருந்தது. பிறந்தபோதே வந்ததா, எப்போதோ போட்ட ஊசியில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கும் பரிசோதனை செய்து, இல்லை என்று தெரிந்து, தடுப்பூசி போட்டார்கள். எனக்கு இல்லை என்று கேட்டதும் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். தனக்கு இருக்கிறது என்றபோது சிரித்த மனுஷன்.

அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஸ்கேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து ஏ.எஃப்.பி. என்று ஒரு பரிசோதனை. ஈரலில் புற்றுநோய் தலைகாட்டினால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தின் அளவு அது. தழும்பு விழுந்த ஈரலில் அந்த நோய் வரலாம், வராமலும் போகலாம், அதனால் காவல் போட்டு வைக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் வீட்டில் அதை நம்பர் என்போம். நம்பர் வந்துவிட்டதா, நம்பர் எவ்வளவு.

முதல் வருஷம் ஏழு, ஒன்பது, ஆறு என்று வந்தது. அப்புறம் ஒரு தடவை பதினொன்று. லேப் காகிதத்தில் அச்சடித்திருந்த எல்லையை அது தாண்டியிருந்ததால் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாண வீட்டில் அவர் தின்ற மட்டன் பிரியாணியைக் குற்றம் சொன்னேன். அவரோடு சேர்ந்து பிரியாணி தின்ற அவருடைய நண்பரைத் திட்டினேன். மூன்று மாதம் கழித்து அது எட்டுக்கு இறங்கியது. எதனால் ஏறியது, எதனால் இறங்கியது, ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அவர் கிராஃப் தாளை வாங்கி வந்தார்.

"லேப்காரன் போட்ட லிமிட் ஊருக்கே போட்ட லிமிட்டு. என் லிமிட்டு என்கிட்டேருந்துதான் வரணும்" என்றார். தொழிற்சாலையில் ஒவ்வொரு லேத்துக்கும் இப்படி ஒரு தாள் இருக்குமாம். ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே இரும்பு, ஆனாலும் வருகிற ஒவ்வொரு தண்டும் ஒரு மயிரிழை கூடவோ குறையவோதான் வரும். அது மெஷினின் சுபாவம், கோளாறு இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்தான் ஒரு பீஸ் கூட வந்ததும் பதறிப்போய் மெஷினைத் திருகுவான், அதோடு எல்லாம் கெடும். பழைய அளவுகளை வைத்து மேலே ஒரு கோடு போட வேண்டும். புள்ளி கோட்டுக்குள் ஆடுகிற வரைக்கும் கையை வைக்கக் கூடாது. கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்திவிட வேண்டும்.

ஏதோ கணக்குப் போட்டுப் பதினாறில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பன்னிரண்டு வந்தபோது தாளைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சோறு வடித்தேன். கோட்டைத் தாண்டினால் மனுஷனை எப்படி நிறுத்துவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலைந்து வருஷம் இப்படி ஓடியது. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் ரிப்போர்ட்டோடு வந்து, "பதினஞ்சு" என்றார். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கோட்டுக்குக் கீழே. அவரே புள்ளி வைத்தார். ரிப்போர்ட்டின் தலைப்பில் வேறு லேப்பின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, நம்ம லேப்பில் கூட்டம் ஜாஸ்தி, சும்னே காத்து நிக்கணும், அதனால் கம்பெனிப் பக்கத்திலேயே கொடுத்துவிட்டேன் என்றார். நானும் நம்பினேன்.

நாலு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையின்போது எங்கள் தெருமுனை லேப்பிலிருந்து போன் வந்தது. அங்கே கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணை எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும். "மேடம், சாரோட ரிப்போர்ட் இங்கயே இருக்கு. அப்புறம் வாங்கிக்கிறேன்னு வெச்சிட்டுப் போனாரு, பத்து பதினஞ்சு நாள் ஆயித்து" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக லேப்புக்குப் போனேன். கவரைப் பிரித்தேன். இருபத்திநாலு.

தேதியைப் பார்த்தேன். பதினைந்து வந்ததற்கு ஒரு வாரம் முந்தின தேதி. எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. நம்பரை கவுன்ட்டரிலேயே பார்த்திருக்கிறார், காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், ஒரு வாரம் மனசுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு வேறு லேப்பில் போய் இன்னொரு தரம் ரத்தம் கொடுத்திருக்கிறார். அதில் நல்ல நம்பர் வந்ததும் அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். நான் முன்கோபக்காரிதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. இந்த மனுஷன் எத்தனை சாயங்காலம் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைப் பையன்களைப் பற்றி என்னிடம் புலம்பியிருக்கிறார். ஒரு பீஸ் தேறவில்லை என்றால் தேறுகிற வரைக்கும் திருப்பித் திருப்பி அளக்கிறானுங்க, ஒரு கருவியில் வரவில்லை என்றால் இன்னொரு கருவியை எடுக்கிறானுங்க, அதைப் போல ஒரு திருட்டுத்தனம் உலகத்திலேயே கிடையாது என்று. அவர் செய்யாத தப்பு அது ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். அதைத் தன் ரத்தத்திலேயே செய்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் கம்பெனி பஸ்ஸில் ஏழு மணிக்கு வருவார். நான் பீரோவைத் திறந்து, பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவால், இருபத்திநாலு வரவேண்டிய இடத்தில், கோட்டுக்கு மேலே வெகு தூரத்தில், ஒரு பெரிய புள்ளியாக அழுத்தி வைத்தேன். பிறகு சமையலறைக்குப் போய்ச் சப்பாத்தி மாவைப் பிசைந்தேன். மாவு என்ன பாவம் செய்ததோ.

வந்தார், முகம் கழுவினார், லுங்கி எடுக்க பீரோவைத் திறந்தார். திறந்த கதவு வெகு நேரம் சாத்தப்படவில்லை.

"யாரு வெச்சது இது" என்றார் அங்கிருந்தே.

"நான்தான்."

"பென்சில்ல வெச்சிருக்கலாம் இல்ல."

"அழிக்கிறதுக்கா" என்றேன்.

சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். லுங்கி கையில் அப்படியே இருந்தது. நான் பேசினேன், நிறையப் பேசினேன். என்னை என்ன நினைத்தீர்கள், ஒரு நம்பரைத் தாங்க மாட்டேனா, ஆறு வருஷமாக ஒவ்வொரு ஆஸ்பத்திரி பெஞ்சிலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்தானே என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "உனக்குத் தெரியக் கூடாதுன்னு இல்ல டீச்சர். எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான். அந்தக் காகிதத்தைக் கையில எத்துகினு தெருவுல நடந்து வர முடியல என்னால."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. மாவுக் கையோடு அவர் தோளைப் பிடித்தேன். சட்டையெல்லாம் மாவு.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். மைசூர்ப் பக்கத்துப் பெண்மணி, எங்களுக்காகக் கன்னடத்தில் பாதி தமிழில் பாதி பேசுவார். என் கணவர் கிராஃப் தாளை பீரோவிலிருந்து பதமாக உரித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதை மேஜையில் விரித்துக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சிவப்பு லைன் யாரு ஹாக்கிதது, யாரு போட்டது?"

"நான்தாங்க."

"அஞ்சாறு பாயின்ட் வெச்சுப் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"இது பத்தாது. அப்புறம், ரெண்டு லேப் நம்பரை ஒரே கோட்டுல சேர்த்திருக்கீங்க. ஒரு லேப் கிட் மாதிரி இன்னொண்ணு இருக்காது. நீங்க குவாலிட்டியில வேலை பண்றவரு தானே?"

என் கணவர் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தழும்பு விழுந்த ஈரல் சும்மா இருப்பதில்லை. பழைய அணுக்கள் சாகின்றன, புதியவை முளைக்கின்றன. முளைக்கும்போதும் இந்தப் புரதம் கொஞ்சம் கசியும். ஈரலில் வீக்கம் கூடுகிற மாதத்தில் நம்பர் கூடும், வீக்கம் வடிந்தால் இறங்கும். புற்றுநோய் எதுவும் இல்லாமலே இவரைப் போன்றவர்களுக்கு நம்பர் இப்படி ஆடிக்கொண்டிருக்கும். "உங்க மெஷின் டெய்லி ஒரே வேலை பண்ணுது. லிவர் அப்படி இல்ல. ஒரு நம்பரை மட்டும் வெச்சு நான் எதையும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏறிக்கினே போகுதா, அதைத்தான் பார்ப்பேன்."

"அப்ப இது ஒண்ணும் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"அப்படியும் சொல்ல மாட்டேன்" என்றார். "கேன்சர் இருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மருந்து ஏத்தி ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். ஆறு வாரம் கழிச்சு அதே லேப்புல திரும்ப ரத்தம் குடுங்க. அதே லேப்புல."

ஸ்கேனுக்கு நாள் கிடைக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் என் கணவர் செய்த காரியங்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது கொலைவெறி வந்தது. மின்சாரப் பெட்டியில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டினார். சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று என்னை உட்காரவைத்துக் காட்டினார். நானும் இத்தனை வருஷம் அந்த ரெகுலேட்டரைத் தொட்டதில்லைதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் இன்வெர்ட்டர் மூடியைக் கழற்றி, "இங்க பாரு டீச்சர், தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போச்சுன்னா" என்று ஆரம்பித்தார்.

"நீங்க இல்லாத வீட்டுல எனக்கு லைட்டு எதுக்கு" என்றேன்.

கோபமாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவர் மூடியைத் திரும்பப் பொருத்தினார். ஒரு திருகு சரியாக உட்காரவில்லை. அதையே திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் மாதத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே பிள்ளை ஒரு மாதம் நாற்பது வாங்கும், அடுத்த மாதம் அறுபது வாங்கும், பிறகு ஐம்பது. அதே பிள்ளை, அதே மூளை. பதறுகிற பெற்றோரிடம், ஒரு பரீட்சையை வைத்துப் பிள்ளையை எடை போடாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நானும் தொழிலில் தெரிந்த விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவரத் தெரியாதவள்தான். அவரை மட்டும் சொல்வானேன்.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. பழைய தழும்புகள் பழைய மாதிரியே இருந்தன. ஆறு வாரம் கழித்துத் தெருமுனை லேப்பில் நம்பர் பதின்மூன்று. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பரவாயில்ல, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து, எதிர்ப்புறம் இருந்த நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலில் ஒரு மசால் தோசை வாங்கிப் பாதியாகப் பிய்த்துத் தின்றோம். தன் பாதியில் இருந்த மசாலாவையும் அவர் என் பக்கம் தள்ளினார்.

ஏன் இறங்கியது என்று ஒரு வாரம் வாதாடினோம். நான் கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்தி என்றேன். அவர் பத்து நாள் லீவு போட்டுத் தூங்கியதுதான் என்றார். டாக்டரிடம் கேட்டால் இரண்டையும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஏறியதற்குப் பழி போடவும் ஆள் இல்லை, இறங்கியதற்கு நன்றி சொல்லவும் ஆள் இல்லை. கெட்ட செய்தியைக்கூடத் தாங்கிவிடலாம், காரணம் இல்லாமல் ஆடுகிற நம்பரோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். ஆனாலும் நடத்துகிறோம்.

அவர் புதிய தாள் ஒட்டினார். பழைய நம்பர்களை வரிசையாக ஏற்றினார், அந்த இருபத்திநாலையும் விடவில்லை. வேறு லேப்பில் வந்த பதினைந்தை மட்டும் விட்டுவிட்டார். மேலே சிவப்புக் கோடு போடவில்லை. போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கோலை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டார். பென்சிலை என் கையில் கொடுத்து, "இனிமே நீ வை" என்றார். தன் கையை நம்பவில்லை என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

பதின்மூன்றை நான்தான் வைத்தேன். அடுத்தது பதினொன்று, அதையும் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. கோலம் போடுகிற கைக்கு ஒரு புள்ளி பெரிய வேலையா.

போன மாதம் பத்தொன்பது வந்தது.

சனிக்கிழமை காலை. லேப்பிலிருந்து இரண்டு பேருமாகச் சேர்ந்தே வாங்கிவந்தோம். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பென்சிலை எடுத்தேன். பின்னால் அவர் நின்றிருந்தார். பத்து, பதினைந்து, அதற்கு மேல் ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே போனேன். பழைய சிவப்புக் கோடு இருந்த பதினாறில் கை நின்றுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. அதற்கு மேலே போக அந்தக் கைக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அங்கேயே வைத்துவிட்டேன். வைத்த புள்ளியைப் பார்த்தேன். தப்பு என்று தெரிந்தது, ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

ஒரு மயிரிழை பிசகினாலே கண்டுபிடிக்கிற கண் அவருடையது. மூன்று கட்டம் தெரியாமல் இருக்குமா. சிவப்புப் பேனாவால் நான் அன்று வைத்த புள்ளியைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அவருக்கு அந்த உரிமை உண்டு.

அவர் ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தார். பிறகு பென்சில் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னும் மேல" என்றார். "மூணு கட்டம்."

"பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். "வை."